மாட்டு வாகடம், எழுபத்திரண்டு ஏடு, உரும்பிராய்

கட்டுரையை எழுதி முடிக்க எனக்கு ஒரு மாரிகாலம் போதுமாயிருந்தது. அதன் கடைசிப் பக்கத்தில் வரவேண்டிய சான்றுப் பட்டியலைச் செய்து முடிப்பதற்குள் அடுத்த மாரி வந்துவிட்டது.

இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். பட்டியல்தானே என்கிறார்கள். ஆம், பட்டியல்தான். பெயர், காற்புள்ளி, முன்னெழுத்து, முற்றுப்புள்ளி, நூலின் தலைப்பு, அதன் கீழே ஒரு கோடு, ஊர், ஆண்டு. பிறகு அடுத்த வரி. அப்படி ஒரு வரியில் நான் விட்ட பிழையால் உரும்பிராயில் ஒரு பெண் தன் தாயிடமிருந்து வந்த ஏட்டைப் பறிகொடுக்கப் பார்த்தார். அவருடைய பிள்ளைகள் இன்றும் அங்கேதான் இருக்கிறார்கள். ஆகையால் இதில் யார் பெயரும் வராது.

அப்போது எனக்கு முப்பது வயது. இரண்டாம் மகாயுத்தம் தொடங்க இன்னும் மூன்று நான்கு ஆண்டுகள் இருந்தன. மருதனார்மடத்துக்குக் கிட்ட ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஓரிடத்தில் தங்காத உடம்பு. மணி அடித்ததும் சைக்கிளில் ஏறிச் செம்மண் ஒழுங்கைகளில் சுற்றத் தொடங்கிவிடுவேன். வெங்காயத் தோட்டத்து வரம்பில் நின்று ஒரு செடியைக் கிள்ளி, இதற்கு என்ன பெயர் என்று கேட்பேன். சுன்னாகத்தில் ஒரு பெயர் சொல்வார்கள். சில மைல் தள்ளி உரும்பிராயில் அதே செடிக்கு இன்னொரு பெயர் சொல்வார்கள். இரண்டு பெயரும் மாட்டு வாகடங்களில், அதாவது மாட்டு வைத்தியம் சொல்லும் பழைய ஏடுகளில், வேறு வேறு நோய்களுக்குக் கிடந்தன. ஒரே செடி தன்னைத் தெரியாமல் இரண்டு வீட்டில் இரண்டு வேலை செய்துகொண்டிருந்தது. அதுதான் என் கட்டுரை. கொழும்பில் ஆங்கிலத்தில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சிச் சஞ்சிகை அதை ஏற்றுக்கொண்டது. சான்றுகள் எல்லாம் தங்கள் விதிப்படி அமையவேண்டும் என்று மட்டும் எழுதியிருந்தார்கள்.

விதிகள் தட்டச்சில் இரண்டு தாள். முதல் விதி: ஆசிரியரின் குடும்பப் பெயரை முன்னே எழுதுக. எங்கள் ஊரில் யாருக்கு இருக்கிறது குடும்பப் பெயர்? தகப்பன் பெயர் முன்னே நடக்கும், பிள்ளையின் பெயர் பின்னே வரும், அவ்வளவுதான். விதிப்படி கடைசிப் பெயரை முன்னுக்கு இழுத்தபோது, வெள்ளைக்காரர் பட்டியலில் குடும்பம் நிற்கும் இடத்தில் எங்கள் பட்டியலில் ஆள் தனியாக வந்து நின்றார். தகப்பன் ஓர் எழுத்தாய்ச் சுருங்கிப் பின்னால் ஒதுங்கினார். எனக்கு அது பிடித்திருந்தது. ஒருவருக்கும் தெரியாமல் ஒரு தலைமுறைக்கு விடுதலை வாங்கிக் கொடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். அப்படியெல்லாம் நினைக்கிற வயது.

ஆண்டு அதைவிடச் சிரமம். பழைய அச்சுப் புத்தகங்கள் சில, அறுபது வருஷச் சுற்றில் ஒரு வருஷத்தின் பெயரை மட்டும் முகப்பில் போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடும். அந்தப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். இது எந்தச் சுற்று? தாளைத் தடவிப் பார்ப்பேன். முகர்ந்து பார்ப்பேன். ஓர் ஆண்டை எழுதிப் பக்கத்தில் கேள்விக்குறி போடுவேன். விதித்தாளில் கேள்விக்குறிக்கு இடமில்லை, அழிப்பேன். ஒவ்வொரு சான்றையும் பிள்ளைகளின் கணக்குச் சோதனைத் தாளைக் கிழித்து அதன் முதுகில் எழுதினேன். பாயில் பரப்பி, அகரவரிசையில் அடுக்கி, காற்றுக்குப் பறக்காமல் ஒவ்வொன்றின் மேலும் ஒரு புளியங்கொட்டை வைத்தேன். எங்கேயோ ஒரு காற்புள்ளி அரைப்புள்ளியாக வேண்டும் என்று கண்டுபிடித்த நாளில் கொட்டைகளை எல்லாம் பொறுக்கிவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன். கட்டுரையில் எனக்கு அவ்வளவு பிரியம் இருக்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது. அந்த வரிகளில்தான் இருந்தது. ஒவ்வொரு வரியும் ஒரு வீட்டுக்கு வழி சொன்னது: இந்த ஊருக்குப் போ, இன்னாரைக் கேள், இத்தனையாம் பக்கத்தைப் புரட்டு. பொய் சொல்ல முடியாத ஒரு சின்னக் கவிதை என்று அதை நம்பியிருந்தேன்.

ஏடுகளுக்குத் தனி விதி இருந்தது. அச்சில் வராத ஏடானால் அதன் பெயர், எத்தனை ஏடு, எந்த ஊர், யாருடைய உடைமை என்று எழுதவேண்டும். அதைப் பார்த்துத்தான் பின்னால் வருகிறவர் தேடிப் போவார். இருந்த விதிகளுக்குள் இதுதான் சுலபம் என்று நினைத்தேன்.

உரும்பிராயில் அந்த வீட்டுக்கு நான் போனது, மாட்டு வைத்தியத்துக்கு ஆட்கள் தேடிவரும் வீடு என்று கேள்விப்பட்டு. வேலிப் படலையைத் திறந்ததும் வந்து கூப்பிட்டவர் வீட்டுக்காரர். மலாயாவில் ரயில் நிலைய அதிபராக இருந்து பென்ஷனோடு ஊர் திரும்பியவர். சட்டைப் பையில் பேனை, கையில் இரண்டு நாள் பழைய பத்திரிகை.

“வாங்கோ மாஸ்டர், இருங்கோ. உந்தக் கதிரையிலை இருங்கோ, மற்றதுக்குக் கால் ஆட்டம்,” என்றார். பிறகு உள்ளே பார்த்து, “இஞ்சேரும், மாஸ்டர் ஏடு பாக்க வந்திருக்கிறார்,” என்றார்.

உள்ளேயிருந்து வந்த அவர் மனைவிக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். மாட்டுக் கொட்டிலில் நின்று வந்த கை இன்னும் ஈரமாக இருந்தது. சேலைத் தலைப்பில் அதைத் துடைத்து, பெட்டகத்தைத் திறந்து ஏட்டுக்கட்டைக் கொண்டுவந்தவர் அவர். கயிற்றைக் குலைத்தவர் அவர். எழுத்து மங்கின இடத்தில் கரி தடவித் துடைத்துத் துலக்கிக் காட்டியவர் அவர். நான் தடுமாறினால், கொட்டில் பக்கம் ஒரு கண்ணை வைத்தபடி, ஏட்டைப் பார்க்காமலே அடுத்த அடியைச் சொல்லிவிட்டுப் போவார். நாலு பின்னேரம் அப்படிப் போயிற்று. அந்த நாலு பின்னேரமும் பென்ஷன்காரர் எனக்குப் பக்கத்தில் இருந்து, மலாயாவில் தண்டவாளத்துக்குக் குறுக்கே ஒரு யானை படுத்துக்கொண்டு எழும்ப மறுத்த கதையைச் சொன்னார். நல்ல கதை. மூன்று தரம் கேட்டேன்.

ஐந்தாம் நாள் பட்டியலுக்கு எழுதினேன். மாட்டு வாகடம், எழுபத்திரண்டு ஏடு, உரும்பிராய், உடைமை, அதன்பின் பென்ஷன்காரரின் பெயர். யாரையும் கேட்கவில்லை. படலையில் தகரத்தில் அவர் பெயர் அடித்திருந்தது. அதைப் பார்த்து எழுதினேன். கை தானாகவே அங்கே போனது. ஏட்டைக் காட்டிய அக்காவின் பெயர் எனக்குத் தெரியாது. தெரிய வழியும் இல்லை. அவர் மனைவியை ‘இஞ்சேரும்’ என்பார். அக்கா கணவரை ‘இஞ்சாருங்கோ’ என்பார். ஊரவர்களுக்கு அவர் மாட்டுக்கார அக்கா; எனக்கும் அக்கா. ஒருவர் பெயரை ஒருவர் ஒருமுறைகூடச் சொல்லாமல் ஒரு வாழ்க்கை முழுவதும் நடந்து முடியும் வீடுகள் எங்களுடையவை. அது எனக்கு விசித்திரமாகப் படவில்லை.

அந்த வரியோடு அடிக்குறிப்பு ஒன்றும் சேர்த்தேன்: ‘ஓரங்களில் பொருளற்ற கீறல்கள் உண்டு.’ நான் எவ்வளவு கவனமாகப் பார்த்திருக்கிறேன் என்று கொழும்பில் தெரியட்டும் என்றுதான்.

சஞ்சிகை வந்தது. பென்ஷன்காரர் கேள்விப்பட்டு ஆறு பிரதி வரவழைத்தார். மூன்றை மலாயாவில் தன்னோடு வேலை செய்தவர்களுக்குத் தபாலில் அனுப்பினார். கட்டுரையை அவர் வாசித்ததாகத் தெரியவில்லை. அந்த ஏட்டுக்கு நான் எழுதிய பதினேழாம் சான்றை மட்டும் விரலால் தொட்டுக் காட்டினார்.

“முப்பது வருஷம் சேவிஸ் மாஸ்டர். ஒரு பேப்பரிலை என்ரை பேர் வந்ததில்லை. கடைசியிலை மாடு கொண்டுவந்து விட்டிருக்கு.”

நானும் சிரித்தேன். அக்கா அப்போது கிணற்றடியில் நின்றார். அவருக்கு யாரும் அதை மொழிபெயர்த்துச் சொல்லவில்லை.

இரண்டு மாதம் கழித்து, ஒரு புதன்கிழமை, பள்ளிக்கூட இடைவேளையில் என்னைத் தேடி ஒருவர் வந்திருப்பதாகச் சொன்னார்கள். போய்ப் பார்த்தேன். வேப்பமரத்தடியில் அக்கா. சுன்னாகம் சந்தைக்கு வெங்காயம் ஏற்றிவந்த வண்டியில் வந்து, சந்தையிலிருந்து நடந்து வந்திருக்கிறார். காலெல்லாம் செம்மண்.

“தம்பி, நீர் எப்ப நொத்தாரிசு ஆனனீர்?”

காணி உறுதிப் பத்திரம் எழுதும் நொத்தாரிசுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?

“இல்லை, கேக்கிறன். என்ரை ஏட்டை உவருக்கு, எங்கடை வீட்டுக்காரருக்கு, எழுதிக் குடுத்திட்டீராம்.”

“ஆர் அக்கா சொன்னது?”

“புத்தகம் சொல்லுது. காரிலை ஒரு பெரிய மனிசர் வந்தவர், உம்மடை புத்தகத்தோடை. ஏட்டைத் தாங்கோ, கப்பலிலை அனுப்பி வெளியூர் நூல்நிலையத்திலை பத்திரமா வைக்கிறம், குடுத்த ஆளின்ரை பேரையும் அதிலை ஒட்டுவம் எண்டார். உவர் உடனை ஓம் எண்டிட்டார். சனிக்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போகினமாம்.”

“நீங்கள் ஒண்டும் சொல்லேல்லையோ?”

“சொன்னனான். ஏடு அம்மா எனக்குத் தந்தது எண்டனான். அந்த மனிசர் மரியாதையாத்தான் சிரிச்சார். ‘தங்கச்சி, அச்சிலை வேறை மாதிரியெல்லோ கிடக்கு’ எண்டார். உவரும் புத்தகத்தைத் தூக்கிக் காட்டுறார், கோட்டிலை நீதவானுக்குக் காட்டிறமாதிரி. இருவத்தாறு வருஷம் அந்தப் பெட்டகத்தை உவர் ஒருக்காலும் திறந்ததில்லை, தம்பி. இப்ப திறப்பைக் கேக்கிறார்.”

திறப்பு, அந்தப் பெட்டகச் சாவி, அவர் இடுப்பில் செருகியிருந்தது. பேசும்போது இரண்டு தரம் அதைத் தொட்டுப் பார்த்தார்.

நான் என் பிழையை அப்போதும் முழுதாகக் காணவில்லை. வழி ஒன்று தோன்றியது. அதை மகிழ்ச்சியோடு சொன்னேன்.

“அக்கா, சனிக்கிழமைக்கு முந்தி நான் முழுக்கக் கொப்பியிலை எழுதித் தாறன். ஒரு எழுத்து விடமாட்டன்.”

“கீறலுகளையும் எழுதுவீரோ?”

“எந்தக் கீறல்?”

மருந்து பருக மறுக்கிற எருதைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

“ஓரத்திலை கிடக்கிற கீறல். சுழிச்சுக் கீறினது கிணத்தடி வீட்டு மாடு. ரெண்டு கோடு, வயல்கரை வீடு. கீழை புள்ளி குத்தியிருந்தா மருந்து பலிச்சது. குறுக்கை வெட்டியிருந்தா பலிக்கேல்லை. அம்மா கீறினது, அம்மாவுக்கு முந்தினவை கீறினது. நானும் கீறியிருக்கிறன். நாலு பின்னேரம் இருந்து பாத்தனீர், ஒருக்காக் கேட்டிருந்தாச் சொல்லியிருப்பனே.”

எனக்குக் காது சுட்டது. பொருளற்ற கீறல்கள் என்று அச்சில் போட்டவன் நான். எழுபத்திரண்டு ஏட்டின் ஓரம் முழுக்க ஒரு சான்றுப் பட்டியல் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. யார் வீட்டு மாடு, என்ன கொடுத்தது, பிழைத்ததா, செத்ததா. காற்புள்ளி இல்லை, அடிக்கோடு இல்லை. பலிக்காததையும் மறைக்காமல் குறித்த பட்டியல். புளியங்கொட்டை வைத்து நான் காத்த வரிகளில் அந்த நேர்மை இருக்கவில்லை.

“கொப்பியிலை நீர் எழுதினா அது நீர் எழுதினது,” என்றார் அக்கா. “மாட்டுக்காரன் வந்து, ‘அக்கா உது சரிவருமோ’ எண்டு கேட்டா நான் ஏட்டை விரிச்சு அம்மாவின்ரை கீறலைக் காட்டுவன். அவன் தன்ரை தகப்பன்ரை எருதைக் கண்டுபிடிப்பான். அதுக்குப் பிறகுதான் மாட்டின்ரை வாயைத் திறக்க விடுவான்.”

“மாடு விடுமோ?”

“மாட்டுக்காரன் விட்டால்தானே மாடு.” பிறகு குரலைத் தாழ்த்தி, “அந்தப் பெட்டகம் நாளைக்கு என்ரை மகளுக்குப் போகவேணும் தம்பி. வெறும் பெட்டகத்தைக் குடுத்து அவளுக்கு என்ன?” என்றார்.

மணி அடித்தது. சனிக்கிழமை வருகிறேன் என்றேன். அவர் தலையாட்டிவிட்டுத் திரும்பி நடந்தார்.

வாக்குக் கொடுத்தது சுலபம். ஏடு சேகரிக்கும் அந்தப் பெரிய மனிதர் சஞ்சிகை ஆசிரியரின் நண்பர் என்று எனக்குத் தெரியும். இன்னொரு கட்டுரையை அவர்களுக்கு அனுப்ப வைத்திருந்தேன். என் சான்று பிழை என்று என் வாயாலே அவர் முன்னால் சொன்னால் அந்தக் கட்டுரை என்ன ஆகும்? வியாழனும் வெள்ளியும் சைக்கிளில் சுற்றினேன். பிழை என்று சொல்லாமலே பிழையைச் சொல்லும் வாக்கியங்களை ஒழுங்கைக்கு ஒன்றாகக் கட்டிப் பார்த்தேன். ‘உடைமை என்பதை விரிந்த பொருளில் கொண்டால்’ என்று ஒன்று தொடங்கியது. எவ்வளவு வழுவழுப்பான வாக்கியம். அதை நினைக்க இன்றும் கூசுகிறது.

சனிக்கிழமை காலை. ஒழுங்கைக்குக் கார் பெரிது; கிளுவை வேலியை உரசிக்கொண்டு நின்றது. பென்ஷன்காரர் மலாயாக் கோட்டைப் போட்டு வியர்த்துக்கொண்டிருந்தார். வந்தவர் அறுபது வயது மனிதர். எங்கள் பக்கத்தில் பிறந்து, கொழும்பில் பிறக்கிராசியாக வழக்காடி ஓய்ந்தவர். நல்லவர், அதையும் சொல்லவேண்டும். கறையான் தின்ற ஏடுகளைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்து இந்த வேலையில் இறங்கியவர். மேசையில் சஞ்சிகை விரித்துக் கிடந்தது. பதினேழாம் வரியைச் சுற்றிச் சிவப்புப் பென்சில் வட்டம்.

“நீங்கள்தானோ மாஸ்டர்? மெத்தச் சந்தோசம். உங்கடை பட்டியல் அச்சொட்டு. ஒரு காற்புள்ளி பிசகேல்லை. அதைப் பிடிச்சுக்கொண்டு நேரை இஞ்சை வந்திட்டன்.”

“ஐயா, அந்தப் பதினேழாவது பிழை.”

“ஏடு எழுபத்திரண்டு இல்லையோ?”

“எழுபத்திரண்டுதான்.”

“ஊர்?”

“ஊரும் சரி. ஆள் பிழை. ஏடு அக்காவின்ரை. நான் கேளாமல் எழுதினனான்.”

வழுவழுப்பான வாக்கியம் ஒன்றும் வாயில் வரவில்லை. நல்லவேளை.

பென்ஷன்காரர் எழுந்தே விட்டார். “அப்ப நான் ஆர் மாஸ்டர்? இந்த வீட்டிலை வாடகைக்கோ இருக்கிறன்?”

“வாடகை ஆர் கேட்டது?” என்றார் அக்கா, கதவு நிலையில் சாய்ந்தபடி. “வீடும் என்ரைதான்.”

வந்தவர் இருமுவதுபோல் சிரிப்பை மறைத்தார். சீதனமாக வந்த வீடுதான் அது, எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதை அப்படி உரத்துச் சொல்கிற வழக்கமில்லை. பென்ஷன்காரர் மெல்ல உட்கார்ந்தார். தவறிப்போய் ஆட்டக் கதிரையில் உட்கார்ந்தார்.

“தங்கச்சி, உறுதி இருக்கோ?” என்றார் பிறக்கிராசியார்.

அக்கா பெட்டகத்தைத் திறந்து சீதன உறுதியை எடுத்துவந்தார். பிறக்கிராசியார் மூக்குக்கண்ணாடியை மாட்டினார். ஓய்ந்த மனிதரின் முதுகு நிமிர்ந்தது.

“தோட்டக் காணி... வீடு வளவு... நகை... ஆ, இஞ்சை கிடக்கு. ‘முதிரைப் பெட்டகம் ஒன்று.’” நிமிர்ந்து பார்த்தார். “பெட்டகம் உங்கடை. தேசவழமைச் சட்டப்படி சீதனம் பெண்ணின்ரை, அதிலை கதையில்லை. ஆனா தங்கச்சி, உள்ளுக்கு இருக்கிறதைப் பற்றி உறுதி ஒண்டும் சொல்லேல்லையே?”

என் ஒரு வரிக்கு எதிராக நின்ற மறு வரியும் பாதியில் நின்றுவிட்டது. பென்ஷன்காரர் தலையை உயர்த்தினார்.

அக்கா யோசிக்கவே இல்லை. “உள்ளுக்கு என்ரை கூறைச் சீலையும் கிடக்கு ஐயா. அதுவும் உவரின்ரையோ? எண்டால் உவர் ஒருக்கா உடுத்துக் காட்டட்டும்.”

படலையில் நின்ற கார்ச் சாரதிதான் முதலில் சிரித்தான். பிறகு பிறக்கிராசியார் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைக்கும்வரை சிரித்தார். பென்ஷன்காரர் மட்டும் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாய்க் கழற்றினார்.

“கனகாலம் கோட்டிலை வழக்காடி நிண்டனான். உதுக்கு மறுமொழி இல்லை,” என்று பிறக்கிராசியார் சஞ்சிகையை மூடினார். போகும்போது என்னைப் படலையடிக்குக் கூப்பிட்டார். “மாஸ்டர், நான் வெறுங்கையோடை போறன். அது பரவாயில்லை. ஆனா அந்த வரி கிடக்குமட்டும் எனக்குப் பிறகு இன்னொருத்தர் வருவார். ஏடு தேடுறவன் வீட்டை நம்பிறேல்லை. பட்டியலைத்தான் நம்பிறவன்.”

அன்றே உட்கார்ந்து திருத்தம் எழுதினேன். பதினேழாம் சான்றில் உடைமையாளர் இன்னார் எனக் கொள்க. அக்காவின் பெயரை அந்தச் சீதன உறுதியில்தான் நான் முதன்முதலாகப் படித்தேன். ஓரக் கீறல்கள் பொருளற்றவை அல்ல, சிகிச்சைக் குறிப்புகள் எனக் கொள்க. இரண்டு வரி. ஆசிரியருக்குத் தனியாக ஒரு கடிதமும் வைத்தேன். பிழை என்னுடையது, கேளாமல் எழுதினேன் என்று. இரண்டாம் கட்டுரையை அனுப்பவில்லை. அது இப்போதும் என்னிடம் கிடக்கிறது, பாதிச் சான்றுகளோடு.

அடுத்த இதழ் வர ஏறக்குறைய ஓர் ஆண்டு. அதுவரை நான் உரும்பிராய்ப் பக்கம் போனால் பென்ஷன்காரர் பத்திரிகையை முகத்துக்கு உயர்த்திக்கொள்வார். யானைக் கதை நின்றுபோயிற்று. அக்கா தேத்தண்ணி தந்து, “உவர் அப்பிடித்தான். இரும்,” என்பார். நான் அவரிடம் கீறல்களைக் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டேன். இந்தத் தடவை ஒவ்வொன்றுக்கும் கீழே யார் சொன்னது என்று குறித்தேன்.

இதழ் வந்தது. திருத்தங்கள் என்ற தலைப்பின் கீழ் ஒரே ஒரு வரி. கீறல்களைப் பற்றி ஒன்றும் இல்லை. உடைமையாளர் பெயர் திருத்தப்பட்டிருந்தது. மணமான பெண்களைக் கணவர் பெயரால் பதிக என்று விதித்தாளில் ஒரு விதி இருந்தது. நான் அதைக் கவனித்ததே இல்லை. ஆசிரியர் கவனித்துவிட்டார். பழைய பெயர் அப்படியே நின்றது. முன்னால் ‘திருமதி’ என்பதற்கு ஆங்கிலத்தில் போடும் எழுத்துகள் மட்டும் புதிதாக வந்து நின்றன.

அந்த இதழை எடுத்துக்கொண்டு போக எனக்கு ஒரு கிழமை, முழு ஏழு நாள், எடுத்தது. போய், அக்காவுக்கு முன்னால் வரியைத் தமிழில் சொன்னேன். அவர் ஒரு நாம்பன் கன்றின் காதைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப நான் வந்திட்டனோ இல்லையோ?” என்றார்.

“வந்திட்டியள். ஆனா உங்கடை பேர் வரேல்லை.”

“ஏடு பெட்டகத்துக்குள்ளை கிடக்கு. அது போதும்.” கன்றை விட்டுவிட்டுக் கைகழுவப் போனார்.

பத்திரிகைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. “உதை இஞ்சை காட்டும், மாஸ்டர்.”

பென்ஷன்காரர் வரியை இரண்டு தரம் வாசித்தார். “இது திரும்பவும் என்ரை பேர்தானே. தொப்பி ஒண்டு வைச்சிருக்கிறாங்கள், அவ்வளவுதான்.” பிறகு, என்னைப் பார்க்காமல், “போன கிழமையும் ஒரு கடிதம் வந்தது. மதுரைப் பக்கத்திலையிருந்து. என்ரை பேருக்கு. ஏடு தருவியளோ எண்டு,” என்றார்.

“என்ன மறுமொழி போட்டனீங்கள்?”

“ஏடு என்ரை இல்லை எண்டு எழுதினன். ஆரின்ரை எண்டு எழுத வெளிக்கிட்டன், பேனை நிண்டிட்டிது. இஞ்சேரும் எண்டே எழுதிறது?”

சிரிக்கவில்லை அவர். நானும் சிரிக்கவில்லை. மூன்று நாள் அந்தக் கடிதம் மேசையில் கிடந்ததாம். நாலாம் நாள்தான் அக்காவின் பெயரை எழுதினாராம்.

எழுந்து போய்த் தன்னிடம் மிஞ்சியிருந்த மூன்று பிரதிகளையும் கொண்டுவந்தார். பேனையைத் திறந்தார். “ரயில்வேயிலை பிழையைச் சுரண்டி அழிக்கேலாது, மாஸ்டர். அழிச்சா வேலை போகும். ஒரு கோடு போட்டு, மேலை சரியானதை எழுதி, பக்கத்திலை சுருக்கொப்பம் வைக்கவேணும். கீழை கிடக்கிறதும் வாசிக்கக்கூடியதா இருக்கவேணும். ஆர் பிழை விட்டதெண்டு தெரியவேணுமெல்லோ.” பதினேழாம் சான்றில் தன் பெயருக்கு நடுவால் ஒரு நேர்கோடு இழுத்தார். ஆங்கில எழுத்துகளுக்கு மேலே, தமிழில், அக்காவின் பெயரை எழுதினார். அவர் எழுதும்போது அக்கா கைகழுவி வந்து பின்னால் நின்று பார்த்தார். ஈரக் கையைத் துடைக்கவில்லை.

மூன்றும் முடிந்தது. “மலாயாவுக்குப் போனதுகள் மூண்டு கிடக்கு,” என்றார் பென்ஷன்காரர். “அதுகளுக்கு என்ன செய்யிறது?”

“அங்கை உள்ளவை ஏடு கேட்டு வரப்போகினமே?” என்றார் அக்கா. பிறகு சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி, “எண்டாலும் எழுதிவிடுங்கோவன்,” என்றார்.

மூன்று தபாலட்டை எழுதினார். மருதனார்மடத்தில் தபாலில் சேர்க்கும்படி என்னிடம் தந்தார். வழியில் சைக்கிளை நிறுத்தி அவற்றை வாசித்தேன். அட்டைதானே, யாரும் வாசிக்கலாம். மூன்றிலும் ஒரே வாசகம். இன்ன பக்கத்தில் பதினேழாம் சான்றில் என் பெயரை ஒரு கோட்டால் வெட்டிவிட்டு, கீழ்க்காணும் பெயரை எழுதிக்கொள்ளவும். அதன் கீழே அக்காவின் பெயர். முதல் அட்டையில் அந்தப் பெயரின் நடுவில் மை திட்டாய் நின்றிருந்தது; பேனை அங்கே தரித்திருக்கிறது. இரண்டாவதில் திட்டு சின்னது. மூன்றாவதில் அந்தப் பெயர் தடங்கலில்லாமல் ஒரே ஓட்டமாக ஓடியிருந்தது, கடைசி எழுத்து கொஞ்சம் மேலே ஏறி.